மேட்டூர் திறந்ததும் ஒகேனக்கல் போகலாமா?

கும்பகோணத்திலிருந்து குடும்பத்தோடு ஒகேனக்கல் போக, மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதம் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் டெல்டாக்காரர்களுக்கு மேட்டூர் திறந்தால்தான் காவிரி வந்த மாதிரி. ஆனால் ஒகேனக்கல் அணைக்கு மேலே இருக்கிறது. ஜூன் 12-இல் அணையைத் திறப்பதற்கும் அருவியில் விழும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்து, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பித் திறந்துவிட்டால்தான் அங்கே வெள்ளம் வரும். பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். அப்போது பார்க்க அழகுதான், ஆனால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். பரிசலுக்காகவே போகிறவர்கள் வெள்ளம் வடிந்த பிறகு போவது நல்லது.

கிளம்புவதற்கு முதல் நாள் செய்தியில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பாருங்கள். கூடிக்கொண்டே போனால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

திருச்சி, நாமக்கல், சேலம், தர்மபுரி, பென்னாகரம் வழி. 300 கிலோமீட்டருக்கு மேல், அதனால் ஒரு ராத்திரி தங்கியே ஆகவேண்டும். அப்புறம், எண்ணெய் மசாஜும் வறுத்த மீனும் அங்கே பிரபலம். விலையை முதலிலேயே பேசிவிடுங்கள்.