ஹட்டன், கண்டி மாதிரி மலையக நகரங்களில் குற்றங்களை வரைபடத்தில் போட்டு ஆராய முடியுமா?

முடியும். ஆனால் சமதரை ஊர்களுக்குச் செய்வதை அப்படியே இங்கே செய்தால் படம் அழகாக வரும், விஷயம் பிழையாகிப்போகும். நான் ஜிஐஎஸ் (இடத் தரவைக் கணினியில் வரைபடமாக்கி ஆராய்கிற) வேலை செய்பவன், வளர்ந்தது ஹட்டன் பக்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குற்றம் ஊர் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பொலிஸுக்கு வந்த அழைப்புகளை குற்றவியல் ஆய்வாளர் ஷெர்மன் குழுவினர் ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட பாதி அழைப்புகள் நகரத்தின் 3 சதவீத இடங்களிலிருந்தே வந்திருந்தன. மோசமான ஏரியா என்று நாம் பெயர் வைத்த இடத்திலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகத்தான் இருக்கும், ஒரு சந்தியோ பார் வாசலோ பஸ் தரிப்பிடமோதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். அதனால் கிராம சேவகர் பிரிவு (இலங்கையின் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு) வாரியாக நிறம் தீட்டிய படத்தை நான் நம்புவதே இல்லை. எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் சிவப்பு மஞ்சளாகிவிடும். நுவரெலியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஏப்ரல் சீசனில் டவுனில் நிற்கிற கூட்டத்தை விட்டுவிட்டு, குற்றங்களை அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்தால் விகிதம் எங்கேயோ போய்விடும்.

எங்கள் பக்கத்தில் பெரிய தலைவலி முகவரிதான். லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருப்பவருக்குப் பெரும்பாலும் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), மிஞ்சினால் லய இலக்கம். இதை மென்பொருளில் போட்டால் அது தோட்டத்தின் நடுப்புள்ளியிலோ தோட்ட ஆபீஸிலோ கொண்டுபோய்க் குத்திவிடும். மூன்று டிவிசனில் தனித்தனியாக நடந்த களவுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, இல்லாத ஒரு சிவப்பு வட்டம் உருவாகும். குற்றத் தரவில் குறைந்தது 85 சதவீதத்தையாவது சரியான இடத்தில் பொருத்த வேண்டும் என்று குற்றவியல் ஆய்வாளர் ராட்கிளிஃப் 2004இல் ஓர் அளவு சொன்னார். முகவரியை மட்டும் நம்பினால் தோட்டப்புறத்தில் அதை எட்டுவது ரொம்பக் கஷ்டம். ஃபோனை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு லயத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி எடுப்பதுதான் வழி, வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் சரிவு. படத்தில் மெயின் ரோடும் மேலே உள்ள லயமும் ஒட்டிக்கொண்டு தெரியும், நடந்தால் படிக்கட்டும் வளைவுமாக மூச்சு வாங்கும். அடர்த்தி வரைபடம் (ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நிறத்தைப் பரப்பிக் குவியலைக் காட்டும் படம்) போடும்போது அந்தப் பரப்புக்கு 500 மீட்டர் ஆரம் கொடுத்தால், பஸ் தரிப்பிடத்தில் நடந்த பிக்பாக்கெட்டின் சிவப்பு மேலே இருக்கிற குடும்பங்களின் மேல் போய் வழியும். பாவம், அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் படத்தைப் பார்க்கிறவர் "லயத்துப் பக்கம்தான் பிரச்சினை" என்று முடிவு கட்டிவிடுவார். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். ஆரத்தைச் சிறிதாக்குங்கள், முடிந்தால் நேர்கோட்டுத் தூரத்தை விட்டுப் பாதை வழித் தூரத்தைக் கணக்கிடுங்கள். நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள், சம்பளம் போடுகிற நாளை ஒட்டிய டவுனும் மற்ற நாள் டவுனும் ஒன்றல்ல.

புள்ளியே இல்லாத தோட்டங்களைப் பாதுகாப்பான இடம் என்று பச்சையில் காட்ட வேண்டாம். முறைப்பாடு கொடுக்க ஒரு நாள் பேரை (வேலைப் பதிவை) விட்டுவிட்டு பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும், அன்றைய சம்பளமும் போகும். வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண் அப்படிப் போவது அரிது. அந்த இடங்களைச் சாம்பல் நிறத்தில் விட்டு, "தரவு இல்லை" என்று எழுதுங்கள். மென்பொருளுக்குக் கியூஜிஐஎஸ் போதும், இலவசம்தான்.