ட்ரியுண்ட் ஒருநாள் ஏற்றம்: கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகம்

கேள்வி: கோவையில் தினமும் காலையில் சேர்ந்து நடக்கும் பதினோரு பேர் நாங்கள். வயது 19 முதல் 61 வரை. அக்டோபரில் இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள தர்மசாலா போகிறோம். ட்ரியுண்ட் மலையை ஒரே நாளில் ஏறி இறங்க ஆசை. ஒருவருக்குச் சர்க்கரை, இரண்டு பேருக்கு முழங்கால் வலி. முடியுமா? எப்படித் திட்டமிடுவது?

பதில்: தாராளமாக முடியும். மாதமும் நல்ல மாதம்தான். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும். மேலே போனதும் தௌலாதார் மலைத்தொடர் கண்ணெதிரே சுவர்போல நிற்கும். நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது மலையைப் பற்றி அல்ல, பதினோரு பேர் சேர்ந்து நடப்பதைப் பற்றி.

தர்மசாலாவுக்குச் சற்று மேலே உள்ள மெக்லியோட்கஞ்சிலிருந்து நடந்தே போனால் ஒரு வழிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். கல்லூ தேவி கோயில் வரை டாக்சியில் போய்விட்டால் அது 6, 7 கிலோமீட்டராகக் குறையும். நீங்கள் டாக்சியிலேயே போங்கள். அங்கிருந்து ட்ரியுண்ட் புல்வெளிக்கு, அதாவது ஏறக்குறைய 2,850 மீட்டர் உயரத்துக்கு, சுமார் 700 மீட்டர் ஏற வேண்டும். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி இரண்டரை மணி நேரம் வரும். ஆனால் அது நல்ல உடல்கட்டோடு நிற்காமல் நடப்பவருக்கு. உங்கள் குழுவுக்கு நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் செங்குத்து. இருபத்திரண்டு வளைவுகள் என்பார்கள். வேகம் பாதியாகக் குறைவது அங்கேதான்.

குழுவாகப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தவறைச் சொல்கிறேன். வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். பின்னால் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவார். "வந்துட்டீங்களா, சரி, கிளம்பலாம்" என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடையாது. தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் என்ற கூச்சத்தில் அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடப்பார். தலைசுற்றல், கால் பிசகல் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள். முன்னால் வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டி, அவருக்கு அடுத்து உங்களில் மெதுவாக நடப்பவர், கடைசியில் முதலுதவிப் பையோடு நல்ல தெம்புள்ள ஒருவர். பாதை பிரியும் இடத்தில் பதினோரு தலையையும் எண்ணாமல் யாரும் நகரக் கூடாது.

காலை 6.30க்குக் கோயிலிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள். திரும்பும் நேரத்தையும் அப்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: 12.30. புல்வெளிக்கு இன்னும் இரண்டு வளைவுதான் பாக்கி என்றாலும் 12.30 ஆனால் இறங்க வேண்டியதுதான். மதியத்துக்கு மேல் மேகம் திரளும். அந்தத் திறந்த முகட்டில் இடி மின்னலுக்கு ஒதுங்க நல்ல இடம் இல்லை. தனிமரத்தடி இன்னும் ஆபத்து. வானிலை மோசமானால் மாவட்ட நிர்வாகம் மலையேற்றத்துக்குத் தடை போடும். அதனால் முந்தின நாளே தங்குமிடத்தில் விசாரித்துவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர் மாத்திரை அல்லது இன்சுலின் அளவை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நீண்ட நடையில் சர்க்கரை சட்டென இறங்கும். குளுக்கோஸ் அவர் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும், இன்னொருவர் பையில் அல்ல. கை நடுங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே உட்காரவைத்துக் கொடுங்கள். 2,500 மீட்டரைத் தாண்டினால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரலாம். மெக்லியோட்கஞ்சில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறினால் நல்லது. அப்படியும் வந்தால் அவரோடு ஒருவர் துணையாக இறங்கட்டும், தனியே அனுப்பாதீர்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு மழைக்கோட்டு, ஒரு டார்ச். வழியில் டீக்கடைகள் உண்டு, மேகி கிடைக்கும். அதை நம்பி வெறுங்கையோடு போக வேண்டாம். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, மேலே காற்றடிக்கும்போது உடம்பு விறைத்துவிடும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பாதத்தைப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். விரல்கள் முன்னால் போய் முட்டாது. கால் நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். புது ஷூ என்றால் இன்றிலிருந்தே காலை நடைக்குப் போட்டுப் பழக்குங்கள்.