காலி ட்ரெய்லரில் ஆக்சிலைத் தூக்கினால் மிச்சம் எதில்?

கேள்வி: தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கோவைக்கு கன்டெய்னர் ஓட்டுகிறேன். மூன்று ஆக்சில் (சக்கர அச்சு) ட்ரெய்லர், முதல் ஆக்சில் மட்டும் தூக்கி இறக்கும் லிஃப்ட் வகை. காலியாகத் திரும்பும்போது தூக்கினால் டீசல் நிறைய மிச்சம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வளைவில் திரும்ப லேசாக இருக்கிறது என்று டிரைவர் லோடோடும் தூக்குகிறார். இன்னொன்று, தூக்கி நிறுத்திய ஆக்சில் காலையில் தரையில் கிடக்கிறது. என்ன கோளாறு?

பதில்: டீசல் விஷயத்தில் உங்கள் கணக்குதான் சரி. ஆக்சிலைத் தூக்கினால் வண்டியின் எடை குறையாது. அந்த எடை மற்ற டயர்களுக்குப் போகிறது, அவ்வளவுதான். டீசலில் மிச்சம் கொஞ்சம்தான். காசு மிச்சமாவது டயரில்.

மூன்று ஆக்சில் வண்டி திரும்பும்போது நடு ஆக்சில்தான் ஒழுங்காக உருளும். முன்னும் பின்னும் இருப்பவை பக்கவாட்டில் இழுபடும். யார்டில் வண்டியை மடக்கித் திருப்பிய இடத்தில் தரையைப் பாருங்கள், ரப்பர் தேய்ந்த கறுப்புக் கோடு இருக்கும். காலி வண்டியில் ஒன்றைத் தூக்கினால் அந்த நான்கு டயரும் தேயாது. மீதி எட்டும் முன்பைவிடக் குறைவாகவே இழுபடும்.

வேலை செய்யும் விதம் எளிது. லோடு சுமக்கும் பெல்லோ (காற்று அடைத்த ரப்பர் பை) வேறு, தூக்கும் பெல்லோ வேறு. சுவிட்சைப் போட்டதும் வால்வு சுமக்கும் பெல்லோவின் காற்றை வெளியே விட்டு, தூக்கும் பெல்லோவை நிரப்பும். மற்ற இரண்டு ஆக்சில்களின் பெல்லோக்களில் அழுத்தம் கூடும்.

லோடோடு தூக்குவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று ஆக்சில்களின் மேல் 24 டன் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றைத் தூக்கினால் மற்ற இரண்டும் ஆளுக்குச் சுமார் 12 டன் தாங்க வேண்டும், அதாவது டயருக்கு 3 டன். 2018-இல் மத்திய அரசு உயர்த்திய எடை வரம்புப்படியே மூன்று ஆக்சில் தொகுதிக்கு 27 டன், இரட்டை ஆக்சிலுக்கு 21 டன்தான். மூன்றும் தரையில் இருந்தபோது சட்டத்துக்குள் இருந்த அதே லோடு, சுவிட்சைப் போட்டதும் ஓவர்லோடு. அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. அதைவிட, சூடேறி வெடிக்கும் டயருக்குத்தான் நான் பயப்படுவேன்.

டிரைவருக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று: முதல் ஆக்சில் மேலே போனால் ட்ரெய்லர் திரும்பும் மையம் பின்னால் நகர்ந்துவிடும். ஸ்டியரிங் லேசாகத் தெரிந்தாலும் பின் சக்கரம் வளைவின் உள்பக்கம் இன்னும் அதிகமாக ஒதுங்கும். ரவுண்டானாவில் கல்லில் ஏறுவது இதனால்தான். ஒரு நன்மையும் உண்டு. ட்ரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கிங்பின் மேல் கொஞ்சம் எடை கூடுவதால், ஈரச் சாலையில் காலி வண்டி கிளம்பும்போது இழுக்கும் சக்கரம் சும்மா சுற்றாது.

அப்புறம் காலையில் இறங்கிக் கிடப்பது. சில வண்டிகளில் சாவியை அணைத்தாலே ஆக்சில் இறங்கும்படிதான் வைத்திருப்பார்கள். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி இல்லையென்றால் காற்று கசிகிறது. ஆக்சிலைத் தூக்கி வைத்து, தூக்கும் பெல்லோ, பைப் இணைப்புகள், வால்வின் காற்றுப் போக்கி (காற்று வெளியேறும் துளை) மூன்றிலும் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். பெல்லோவின் மடிப்பில் நுரை வந்தால் பெல்லோவை மாற்றுங்கள். போக்கியில் விடாமல் குமிழி வந்தால் வால்வுக்குள் அழுக்கோ, சீல் தேய்மானமோ இருக்கும். காற்று டேங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தால் புது வால்வும் சீக்கிரம் கெடும், வடித்துவிட்டு மாட்டுங்கள். அடியில் கைவிடும் முன் தூக்கிய ஆக்சிலுக்குக் கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் கொடுங்கள். காற்று போனால் அது சொல்லிவிட்டு இறங்காது.

ஆக்சிலை இறக்கும்போது வண்டி நிற்கட்டும், இல்லை ஊர்ந்து போகட்டும். நின்றிருக்கும் சக்கரம் ஓடும் சாலையைத் தொட்டால் விமானம் இறங்கும்போது டயர் புகைவதுபோல ஒரே இடத்தில் தேயும்.