லெக்சிங்டன் 33,000 டன்: கணக்கு எங்கே உதைக்கிறது?

கடற்படைகளின் அளவைக் கட்டுப்படுத்திய 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்தில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு வரம்பு 27,000 டன்தானே, அமெரிக்க விமானந்தாங்கிகளான லெக்சிங்டனும் சரடோகாவும் விதிமீறலா, உங்கள் அட்டவணையில் அமெரிக்க விமானந்தாங்கிகளின் மொத்த எடையும் ஒப்பந்தம் அனுமதித்த 1,35,000 டன்னை ஏன் தாண்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

33,000 விதிமீறல் இல்லை. கைவிடவேண்டிய போர்க்கப்பல்களை விமானந்தாங்கிகளாக மாற்றிக் கட்டினால், நாட்டுக்கு இரண்டு வரை தலா 33,000 டன் இருக்கலாம் என்று ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவே அனுமதித்தது. உண்மையில் உறுத்தவேண்டியது வேறு. இந்த இரண்டு கப்பல்கள் ஒவ்வொன்றிலும் கூடுதலாக 3,000 டன்னை வான், நீர்மூழ்கித் தாக்குதல் தற்காப்புக்கென்று சொல்லி அமெரிக்கா கணக்கில் சேர்க்கவில்லை. அந்த 3,000 டன், ஏற்கெனவே இருக்கும் கப்பல்களைப் புதுப்பிப்பதற்கான சலுகை. புதிதாகக் கட்டும்போதே எடுத்தது, என் பார்வையில், விதியை வளைத்ததுதான்.

உங்கள் அட்டவணையில் லெக்சிங்டனுக்கு இருக்கும் 43,000 டன் முழுச்சுமை எடை; ஒப்பந்தக் கணக்குக்கு அது பொருந்தாது. ஒப்பந்த எடையில் ஆட்கள், குண்டுகள், உணவு சேரும். எரிபொருளும் கொதிகலனின் இருப்பு நீரும் சேராது. டன் என்பதும் 1,016 கிலோ. மெட்ரிக் டன்னோடு கலக்காதீர்கள்.

இப்போது 1,35,000-இலிருந்து இந்த இரண்டு கப்பல்களின் 66,000-ஐக் கழியுங்கள்: மிச்சம் 69,000. ஐந்து கப்பல்களுக்கென்று ஐந்தால் வகுத்தால் 13,800. அடுத்த அமெரிக்க விமானந்தாங்கியான ரேஞ்சரை அந்த எடைக்கு வடிவமைத்ததன் காரணமே இந்த வகுத்தல்தான். அந்த அளவு போதாமல் போகவே, பின்னர் வந்த யார்க்டவுனும் என்டர்பிரைஸும் ஏறத்தாழ 20,000 டன்னுக்குப் போயின. எஞ்சிய டன்னுக்குள் அடக்கப்பட்டதால்தான் அடுத்த விமானந்தாங்கியான வாஸ்ப் 14,700 டன்னாகச் சுருங்கியது. அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கியான லாங்லியைக் கூட்டாதீர்கள், அது சோதனைக் கப்பல். அதற்குப் பதிலாக எப்போது வேண்டுமானாலும் புதுக் கப்பல் கட்டிக்கொள்ள அனுமதி இருந்தது.