30 வாட்ஸ்அப் குரூப், ஒரு லேப் டிப்: திருப்பூர் யூனிட்டுக்கு எந்த ஒர்க்ஃப்ளோ மென்பொருள்?

கேள்வி: திருப்பூரில் நிட்வேர் ஏற்றுமதி யூனிட் நடத்துகிறேன். ஆபீஸில் 14 பேர். கட்டிங், தையல், பேக்கிங் எங்களிடமே நடக்கிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். ஆர்டருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் என்று இப்போது 30-க்கு மேல் ஓடுகின்றன. போன சீசனில் பையர் அனுப்பிய லேப் டிப் (சாய நிறச் சாம்பிள்) அப்ரூவல் நான்கு நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. கடைசியில் சரக்கில் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. வேலை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவதைப் பதிந்து நடத்தும் ஒர்க்ஃப்ளோ சாஃப்ட்வேர் போட்டால் இதெல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மூன்று பேர் டெமோ காட்டிவிட்டார்கள். எதை வாங்குவது? எங்கள் கட்டிங் மாஸ்டர் போனில் டைப்பே செய்ய மாட்டார். அவரை எப்படி இதற்குள் கொண்டுவருவது?

பதில்: எதை வாங்குவது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நான்கு நாளைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். உங்களுக்கு எது சரிவரும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

'யார் கண்ணிலும் படாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் போய்ப் பார்த்த யூனிட்களில் இப்படி நடந்தபோதெல்லாம் அந்தச் செய்தி எல்லார் கண்ணிலும் பட்டுத்தான் இருந்தது. பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர், மெயிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட்டிருப்பார். ஒன்பது பேர் பார்த்து, நீல டிக்கும் விழுந்திருக்கும். 'குரூப்பில் போட்டாச்சு, ஃபேப்ரிக் மேனேஜர் டையிங்குக்குச் சொல்லிவிடுவார்' என்று மெர்ச்சண்டைசர் நினைத்திருப்பார். 'மெர்ச்சண்டைசரே டையிங் ஆலைக்குப் போன் போட்டிருப்பார்' என்று ஃபேப்ரிக் மேனேஜர் நினைத்திருப்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அடுத்த வேலை யாருடையது என்பது எங்கேயும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

1980-களில் டெர்ரி வினோகிராட் என்ற கணினி அறிஞரும், சிலி நாட்டில் அயெந்தே அரசில் அமைச்சராக இருந்த ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸும் இதைத்தான் குடைந்து பார்த்தார்கள். ஆபீஸ் வேலையின் உயிர் ஒருவர் கேட்பதிலும் இன்னொருவர் ஏற்றுக்கொள்வதிலும் இருக்கிறது என்பது அவர்கள் கருத்து. ஒரு வேலைக்கு நான்கு கட்டம் சொன்னார்கள்: ஒருவர் கேட்கிறார், மற்றவர் 'செய்கிறேன்' என்கிறார், செய்துவிட்டு 'முடிந்தது' என்கிறார், கேட்டவர் பார்த்துவிட்டு 'சரி' என்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் முதல் கட்டம்தான் நடக்கிறது. நீல டிக்கை இரண்டாவது கட்டம் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். பார்த்தவர் பொறுப்பேற்றதாக ஆகிவிடாது. ஆகவே டெமோவில் டாஷ்போர்டு எத்தனை வண்ணத்தில் இருந்தாலும், இந்த நான்கையும் அந்த மென்பொருள் தனித்தனியாகப் பதிகிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, கணினியை மூடி வைத்துவிட்டு ஒரு சார்ட் பேப்பர் எடுங்கள். விமானத்தில் போன அந்த ஆர்டரையே எடுத்துக்கொள்ளலாம். பிஓ (பையரின் பர்ச்சேஸ் ஆர்டர்) வந்த நாளிலிருந்து கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிய நாள் வரை மெயில், குரூப், டிசி (டெலிவரி சலான்) புத்தகம் மூன்றையும் புரட்டித் தேதிகளை எழுதுங்கள். மெர்ச்சண்டைசருக்கு ஒரு கோடு, ஃபேப்ரிக் மேனேஜருக்கு ஒன்று, டையிங் ஆலைக்கு ஒன்று, பையருக்கு ஒன்று என்று நீச்சல் போட்டித் தடங்கள் மாதிரி படுக்கைக் கோடுகள் போடுங்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வட்டம், வேலைக்குச் செவ்வகம், முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம். இது பிபிஎம்என் என்ற உலகப் பொது வரைமுறை, 2.0 பதிப்பு 2011-ல் வந்தது, 2013-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அதில் இன்னும் ஏகப்பட்ட குறிகள் உண்டு. உங்களுக்கு இந்த மூன்றும் ஒரு அம்புக்குறியும் போதும். அம்பு ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் தாண்டும் இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் எத்தனை நாள் காத்திருந்தது என்று எழுதுங்கள். வேலை செய்த நாட்களைவிடக் கை மாறக் காத்திருந்த நாட்கள்தான் அதிகமாக இருக்கும். நீங்கள் ஆட்டோமேட் செய்ய வேண்டியது அந்தச் சிவப்பு எண்களைத்தான்.

இப்போது லேப் டிப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். டையிங் ஆலையிலிருந்து ஒரு அட்டை வருகிறது. ஒரே நிறத்தின் மூன்று சாயல்கள் அதில் ஏ, பி, சி என்று சின்னத் துணித் துண்டுகளாக ஒட்டியிருக்கும். மெர்ச்சண்டைசர் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 வெளிச்சத்திலும், கடை விளக்கைப் போன்ற டிஎல்84 வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பையருக்கு கூரியர் போடுகிறார். வெறும் 'அப்ரூவ்ட்' என்று பதில் வந்தால் நல்ல காலம். பெரும்பாலும் 'பி ஓகே, பல்க்கில் சிவப்பு கொஞ்சம் குறையட்டும்' என்று வரும். இல்லையென்றால் 'பி-யில் போங்கள், ஆனால் பல்க் ஸ்வாட்ச் பார்த்த பிறகு கட்டிங்' என்று வரும். பல்க் என்றால் மொத்தமாகச் சாயம் போடும் துணி, ஸ்வாட்ச் அதிலிருந்து வெட்டிய மாதிரித் துண்டு.

டெமோவில் உங்களுக்குக் காட்டியது என்னவாக இருக்கும்? பச்சையில் ஒரு பட்டன், சிவப்பில் ஒரு பட்டன். மெர்ச்சண்டைசர் பச்சையை அழுத்துவார். 'சிவப்பு குறையட்டும்' என்பதைக் குறிப்புப் பெட்டியில் எழுதுவார், அல்லது எழுத மறந்துவிடுவார். எழுதினாலும் டையிங்குக்குப் போகும் அறிவிப்பில் அந்தப் பெட்டி சேராது. 'பி அப்ரூவ்ட்' என்று மட்டும் போகும். 600 கிலோ துணி தவறான சாயலில் ஏறி வந்து நிற்கும். சாஃப்ட்வேர் இல்லாத காலத்தில் இதைப் போனிலாவது சொல்லியிருப்பார்கள். இப்போது 'சிஸ்டத்தில் இருக்கிறது' என்று அதுவும் நின்றுபோயிருக்கும்.

ஆகவே மூன்றாவதாக ஒரு நிலை கட்டாயம் வேண்டும்: நிபந்தனையுடன் சரி. அதை அழுத்தினால் நிபந்தனையை எழுதாமல் நகர முடியக் கூடாது. எழுதியது அடுத்தவருக்குப் போகும் செய்தியிலேயே முதல் வரியாகப் போக வேண்டும். அந்த நிபந்தனை நிறைவேறியது என்று பெயருள்ள ஒருவர் மூடும் வரை கட்டிங் படி திறக்கவே கூடாது. டெமோ காட்டிய மூவரையும் திரும்பக் கூப்பிட்டு, இந்த ஒன்றை உங்கள் கண் முன்னே அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் செய்துவிட்டால் பேச்சைத் தொடரலாம். 'கஸ்டமைசேஷன் சார்ஜ் வரும், இரண்டு வாரம் ஆகும்' என்றால், நாளைக்கு ஒரு புதுப் பையர் வேறு மாதிரி அப்ரூவல் கேட்கும்போதும் இதே பதில்தான் வரும்.

கட்டுப்பாடு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்ப காலத்தில் ஒரு யூனிட்டில் டிசி வரவுப் பதிவை நான்தான் அமைத்தேன். கிரே துணி (சாயம் போடாத துணி) 500 கிலோ டையிங்குக்குப் போனால் 500 கிலோவாகத் திரும்பாது என்பது உங்களுக்குத் தெரியும். திருட்டைத் தடுக்கலாம் என்று நினைத்து, எடை வித்தியாசம் இருந்தால் மேனேஜர் ஒப்புதல் இல்லாமல் உள்ளே எடுக்க முடியாதபடி பூட்டிவிட்டேன். மேனேஜர் வெளியே போயிருந்த ஒரு சாயங்காலம் வண்டி கேட்டில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். ஸ்டோர் பையன் என்ன செய்வார்? 500 என்றே போட்டு உள்ளே எடுத்துவிட்டார். அப்புறம் தினமும் அதுதான் வழக்கம். ஒரு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தால், கணினியில் எல்லா லாட்டுக்கும் (ஒரு தடவையில் சாயம் ஏறிய துணி ஒரு லாட்) எடை நஷ்டம் பூஜ்யம். உண்மையான எடை அவருடைய பாக்கெட் நோட்டில் பென்சிலில் இருந்தது. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் விதியை மாற்றினேன்: எந்த எடையானாலும் உடனே பதியலாம், வித்தியாசம் அதிகமானால் மேனேஜருக்குத் தகவல் போகும், கேள்வி மறுநாள் வரும். நடந்ததை நடந்தபடி எழுத விடுங்கள். எழுத விடாத சிஸ்டத்துக்குப் பொய்தான் கிடைக்கும். வினோகிராட், ஃப்ளோரஸ் கருத்தை வைத்து வந்த கோஆர்டினேட்டர் என்ற மென்பொருளையும் இப்படித்தான் குறை சொன்னார்கள்: ஒவ்வொரு செய்தியும் வேண்டுகோளா வாக்குறுதியா என்று முத்திரை குத்தச் சொல்லி ஆட்களை நெருக்கியது என்று.

எதை ஆட்டோமேட் செய்யலாம்? ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி டிஎன்ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) தேதிகளை, அதாவது எந்தப் படி எந்த நாளில் முடிய வேண்டும் என்பதைப் போடுவது. ஒரு படி முடிந்ததும் அடுத்தவருக்கு, அவர் பெயரைச் சொல்லித் தகவல் தருவது. 24 மணி நேரத்தில் 'எடுத்துக்கொண்டேன்' வராவிட்டால் மேலே தெரியப்படுத்துவது. ஆள் லீவு என்றால் மாற்று ஆளுக்குத் திருப்புவது. இந்த நான்கும் வந்தாலே உங்கள் நான்கு நாள் பிரச்சினை ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். எந்த டையிங் ஆலைக்கு எந்த லாட் போகும், எந்த ஆர்டரை முன்னே தள்ளுவது என்பதை மட்டும் மனிதர்களிடமே விடுங்கள். பவர் கட், மழை, ஆள் பற்றாக்குறை, டையிங் முதலாளியோடு உங்களுக்கு இருக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து முடிவாகும் சங்கதி அது.

சட்டம் வைத்திருக்கும் கெடுக்களையும் கூடவே ஏற்றிவிடுங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். டிசி தேதி உள்ளே இருந்தால் பத்தாவது மாதத்தில் மணி அடிக்கச் சொல்லலாம். ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஐடிசி-04-க்கு வேண்டிய விவரமும் அதிலிருந்தே வந்துவிடும். இன்னொன்று, குறு சிறு நிறுவனமாகப் பதிவு செய்த ஜாப் ஒர்க்காரருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் (அதிகபட்சம் 45 நாள்), இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். கெடு தாண்டியும் ஆண்டு முடிவில் பாக்கி நின்றால், வருமான வரியில் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. பில் சரிபார்ப்பு யார் மேஜையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று தெரிவது இதற்கும் உதவும்.

சரி, எதை வாங்குவது? இந்தச் சந்தையில் இரண்டு வகை கலந்து விற்கிறது. ஸாப்பியர், என்8என் போன்றவற்றின் பலம் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கடத்துவது: மெயிலில் பிஓ வந்தால் ஷீட்டில் வரி சேர்ப்பது மாதிரி. என்8என்-ஐ உங்கள் சொந்த சர்வரிலேயே போட்டுக்கொள்ளலாம், ஆனால் விஷயம் தெரிந்த ஒரு ஆள் கூடவே வேண்டும். ஸோஹோ கிரியேட்டர், கிஸ்ஃப்ளோ போன்றவை படிவம், படிகள், ஒப்புதல், காத்திருப்பு என்று மனிதர்களுக்கு இடையே நகரும் வேலைக்கானவை. இரண்டும் தமிழ்நாட்டில் உருவாகி உலகம் முழுக்க விற்பவை. தமிழில் பேசி உதவி கேட்க வாய்ப்பு அதிகம் என்பதும் சின்ன விஷயமில்லை. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை.

ஆனால் உங்கள் மெயில் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் இருந்தால் முதல் மூன்று மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். ஃபார்ம்ஸ், ஷீட்ஸ், கொஞ்சம் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போதும். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் பவர் ஆட்டோமேட் இருக்கிறது. ஒரே ஒரு பையர், லேப் டிப் அப்ரூவல் மட்டும், மூன்று வாரம். சார்ட் பேப்பரில் போட்ட சிவப்பு எண் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கப் போகலாம். அப்போது விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஜாப் ஒர்க்காரர்கள் லாகின் இல்லாமல் ஒரு லிங்க் மூலம் பதில் சொல்ல முடியுமா? ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவர்களிடம் 20 ஜாப் ஒர்க் யூனிட்டையும் சேர்த்தால் பில் எகிறிவிடும். ஒரு படியைச் சேர்க்க, எடுக்க உங்கள் ஆபீஸ் ஆளே போதுமா? விலகினால் பழைய பதிவு முழுவதும் எக்செலில் கைக்கு வருமா?

வாட்ஸ்அப்பை ஒழிக்க நினைக்காதீர்கள், அது நடக்காது. அறிவிப்பு வாட்ஸ்அப்பிலேயே வரட்டும். அதற்கு மெட்டாவின் அதிகாரபூர்வ பிசினஸ் ஏபிஐ (மென்பொருளே மெசேஜ் அனுப்ப மெட்டா தரும் இணைப்பு) வழியாகத்தான் போக வேண்டும். நீங்களாகத் தொடங்கும் செய்திகளுக்கு அவர்கள் முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்த டெம்ப்ளேட் தேவை. குறுக்கு வழியில் குரூப்பில் தானாக மெசேஜ் போடும் மலிவான டூல்களைத் தொடாதீர்கள். நம்பரை முடக்கிவிடுவார்கள், பையரெல்லாம் வைத்திருக்கும் நம்பர் போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

கடைசியாக உங்கள் கட்டிங் மாஸ்டர். அவர் எதற்காக டைப் செய்ய வேண்டும்? ஒவ்வொரு லாட் கார்டிலும் ஒரு க்யூஆர் கோடு ஒட்டுங்கள். ஸ்கேன் செய்தால் திரையில் அந்த லாட்டின் நிறமும், அதன் மேல் இருக்கும் நிபந்தனையும் பெரிய எழுத்தில் தமிழில் வரட்டும். கீழே மூன்று பட்டன்: ஆரம்பித்தேன், முடிந்தது, பிரச்சினை. பிரச்சினையை அழுத்தினால் கேமராவும் மைக்கும் திறக்கட்டும்; துணியைப் படம் பிடித்து, 'இங்கே ஷேடு மாறுது, பாருங்க' என்று பேசி அனுப்பிவிடுவார். முதல் வாரம் அந்த மூன்று பட்டனுக்கும் என்ன பெயர் வைக்கலாம் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் வார்த்தையையே பட்டனில் போடுங்கள்.