முள் செங்குத்தாக நின்ற இடம்

கேள்வி: வட அமெரிக்கப் பெருநிலத்தின் வடகோடி எது? அங்கே முதலில் போனவர்கள் யார்?

பதில்: கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் உள்ள ஜெனித் முனை. அதைத் தாண்டினால் குறுகலான பெல்லோ நீரிணை, அப்பால் சோமர்செட் தீவு. 'முதலில் போனவர்கள்' என்ற பட்டத்தை நான் வெள்ளையர்களுக்குத் தரமாட்டேன். ஆர்க்டிக் பழங்குடியினரான நெட்சிலிக் இனுவிட் மக்களுக்கு அது தாய்மண்.

1829இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸ் 'விக்டரி' கப்பலில் வந்து பனியில் சிக்கினார். செலவு செய்தவர் ஜின் ஆலை அதிபர் ஃபீலிக்ஸ் பூத். தீபகற்பத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. 1831 ஜூன் 1 அன்று ராஸின் அண்ணன் மகன் ஜேம்ஸ், மேற்குக் கரையில் காந்தமுள் 89 பாகை 59 கலை (60 கலை ஒரு பாகை) சாய்ந்து, ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதைக் கண்டார். முள் நேர்கீழாகக் காட்டும் அந்த இடம்தான் அன்றைய வட காந்த முனை. இன்று அது வெகுதூரம் நகர்ந்துவிட்டது.

ஆனால் என் மனசில் நிற்பது வேறு. கரடியிடம் காலை இழந்த ஓர் இனுவிட்டுக்குக் கப்பல் தச்சர் மரக்கால் செய்து கொடுத்தார். இனுவிட் மக்களோ மாலுமிகளுக்கு இறைச்சி தந்தார்கள், கரையோர வரைபடம் வரைந்து காட்டினார்கள். கப்பலைக் கைவிட்ட ராஸ் குழுவினர் நான்கு குளிர்காலம் தாங்கி, 1833இல் மீட்கப்பட்டனர். மீட்ட கப்பல் 'இசபெல்லா', ஒருகாலத்தில் ராஸே தலைமை தாங்கிய கப்பல்!