கூரைமேல் போகும் பையை எதைப் பார்த்து வாங்குவது? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் காரின் கூரையில் கேரியர் பொருத்தியிருக்கிறோம். கூடாரம், படுக்கை விரிப்பு, துணிமணிகள் ஆகியவற்றை வைப்பதற்கு ஒரு பை வாங்க வேண்டும். பார்த்து வைத்திருக்கும் இரண்டு பைகளில் ஒன்றில் 600 டெனியர் என்றும் மற்றொன்றில் 1000 டெனியர் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டுமே மழை தாங்கும் என்கிறார்கள். தடிமனானதையே வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு. 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அத்தனை டெனியர். எனவே 1000 டெனியர் துணி உரசலையும் கிழிசலையும் கூடுதலாகத் தாங்கும் என்று பொதுவாக எதிர்பார்க்கலாமே தவிர, அதற்குள் நீர் புகாது என்பதற்கு அந்த எண் சாட்சி ஆகாது. நீரைத் தடுப்பது துணியின்மேல் பூசியிருக்கும் பிவிசி அல்லது டிபியு என்னும் பிளாஸ்டிக் படலம்தான்.

அந்தப் படலத்தின் திறனை மில்லிமீட்டரில் குறிப்பிடுவது வழக்கம். 1500 மி.மீ. என்றால், அத்தனை உயரமுள்ள நீர்த்தூண் அழுத்தும்வரை துணி ஒழுகாது என்று பொருள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று பையின் முகப்பில் தரும் சீரான அழுத்தம் சுமார் 47 மி.மீ. நீர்த்தூணுக்குத்தான் சமம். மழைத்துளி வந்து மோதும் கணத்தில் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு எகிறும் என்றாலும், அது நொடிப்பொழுதில் கடந்துவிடும். பூச்சு பழுதில்லாத துணியைத் துளைத்துக்கொண்டு நீர் உள்ளே வருவது அரிது. ஆனால் அதே 47 மி.மீ. அழுத்தம், ஊசி போட்ட துளை வழியாகவும் ஜிப்பின் பற்களுக்கு இடையிலும் நீரை மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கப் போதுமானது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஓர் இரவு முழுவதும் பெய்த மழையைத் தாங்கிய பை, ஓடும் வண்டியில் அரைமணி நேரத் தூறலில் நனைந்துபோவது இதனால்தான்.

ஆகவே கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெப்பத்தாலோ உயர் அதிர்வெண் மின்காந்த அலையாலோ உருக்கி ஒட்டிய மூட்டில் தையல் துளையே இருக்காது. கூரைப் பைக்கு இதுவே முதல் தேர்வு. தைத்துவிட்டு உட்புறம் டேப் ஒட்டியிருந்தால், அந்த டேப் மூலைகளில் விடுபடாமல் முழுநீளத்துக்கும் ஓடுகிறதா என்று கவனியுங்கள். வெயிலில் காய்ந்து காய்ந்து முதலில் உரிவது அந்த மூலைகள்தான். தையல் மட்டும் இருந்தால், எத்தனை டெனியர் என்றாலும் அது தூசிக்கான பை, மழைக்கானது அல்ல. உருக்கி ஒட்டிய 600 டெனியர் பையையும் வெறுமனே தைத்த 1000 டெனியர் பையையும் எதிரெதிரே வைத்தால், நான் தயங்காமல் முன்னதையே எடுப்பேன்.

அடுத்தது வாய். விளிம்பைக் குறைந்தது மூன்று முறை இறுக்கமாகச் சுருட்டிப் பக்கிள் போடும் அமைப்பு, ஜிப்பைவிட நம்பகமானது. ஆனால் அகலமான கூடாரத்தைக் குறுகிய வாய்க்குள் திணிப்பது பெரும்பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜிப் வைத்த பைதான் வேண்டுமென்றால், ஜிப்பின்மேல் வெல்க்ரோ ஒட்டும் அகலமான மடிப்பு இருக்கிறதா, ஜிப் வளையும் மூலையும் இழுவை வந்து நிற்கும் முனையும் அந்த மடிப்புக்குள் முழுதாக மறைகின்றனவா என்று பாருங்கள். எந்தப் பையானாலும் அதன் வாய் வண்டியின் பின்புறம் நோக்கியே இருக்க வேண்டும்; மடிப்பின் திறந்த ஓரமும் பின்னோக்கியே விழ வேண்டும், ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவதைப் போல.

கேள்வி: ஒரு பையில், நீர் புகாமையைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்7 தரம் என்று போட்டிருக்கிறது. ஐபிஎக்ஸ்6-ஐவிட 7 பெரியது அல்லவா?

பதில்: எண் பெரியது; ஆனால் சோதனை வேறு. ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் அசையாமல் மூழ்கவைக்கும் சோதனை. ஐபிஎக்ஸ்6 என்பது நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் குழாயிலிருந்து நீரைப் பீய்ச்சி அடிக்கும் சோதனை. முன்னதில் தேறிய பொருள் பின்னதிலும் தேறும் என்று அந்தத் தர அளவே உறுதி சொல்வதில்லை. ஓடும் வண்டியின் கூரையில் நடப்பது பீய்ச்சி அடிப்பதற்குத்தான் நெருக்கமானது. மேலும் இது மின்சாதனங்களின் உறைகளுக்காக வகுத்த அளவுகோல். பை தயாரிப்பவர்கள் இரவல் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே எண் எதுவாயினும், வாங்கிய அன்றே பைக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி நிரப்பிக் கூரையில் கட்டி, முன்பக்கத்திலிருந்து தோட்டக் குழாயால் பத்து நிமிடம் நீர் அடித்துப் பாருங்கள். எந்த இடத்துத் தாள் ஈரமாகிறதோ அதற்கு நேரே இருக்கிறது குறை.

கேள்வி: எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய பையாக வாங்கலாமா? கூரையில் எவ்வளவு எடை ஏற்றலாம்?

பதில்: பாதி நிரம்பிய பை காற்றில் படபடத்து, கேரியர் கம்பியில் உரசி, சில நாட்களிலேயே பூச்சைத் தேய்த்துக்கொள்ளும். கொண்டுபோகும் சாமான்களை வீட்டில் அடுக்கி அளந்துவிட்டு, அதற்குச் சற்றே கூடுதலான கொள்ளளவில், பக்கவாட்டில் இறுக்கும் பட்டைகள் உள்ள பையாக வாங்குங்கள். ஒரே பெரிய பைக்குப் பதிலாக இரண்டு நடுத்தரப் பைகள் வாங்கினால் ஏற்றி இறக்குவதும் எளிது. ஒன்று ஒழுகினாலும் மற்றது பிழைக்கும்.

எடை வரம்பு வண்டியின் கையேட்டில் இருக்கும். பல கார்களுக்கு அது 50 முதல் 100 கிலோவுக்குள் அடங்கும். அதில் கேரியரின் எடையும் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேரியருக்கெனத் தனியாக ஒரு வரம்பு போட்டிருந்தால், இரண்டில் குறைவானதே கணக்கு. கனமான பொருள்களை வண்டிக்குள் தாழ்வாக வைத்துவிட்டு, இடத்தை அடைக்கும் இலேசான பொருள்களை மேலே ஏற்றுங்கள். எரிவாயுக் குப்பி, எரிபொருள், மின்கலங்கள் ஆகியவற்றை வெயில் சுடும் அந்தப் பைக்குள் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: என் வண்டியில் கேரியர் இல்லை. பட்டைகளைக் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்து கட்டினேன். பை நனையவில்லை, ஆனால் என் இருக்கை நனைந்துவிட்டது! போதாக்குறைக்கு வழியெல்லாம் ரீங்காரம் வேறு.

பதில்: பட்டை நீரை உறிஞ்சித் திரியைப் போல உள்ளே கடத்திவிட்டது. கதவு இடுக்கில் ரப்பரும் பட்டையும் சந்திக்கும் இடத்தில் எப்போதும் ஒரு சிறு இடைவெளி இருக்கும் என்பதால், இந்த முறையில் கனமழைக்கு முழுத் தீர்வு கிடையாது. கதவுச் சட்டத்தின் உலோக விளிம்பில் மாட்டும் கொக்கிகள் சில பைகளுடன் வருகின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் பட்டை வண்டிக்குள்ளேயே வராது. அந்தக் கொக்கி உங்கள் வண்டியின் விளிம்பில் உறுதியாகப் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பைக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு கட்டாயம் வேண்டும். விரிப்பதற்கு முன் கூரையைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் இடையில் சிக்கிய மணல் பெயின்டைத் தேய்த்துவிடும்.

ரீங்காரத்துக்கு மருந்து எளியது. தட்டையாக நீண்டிருக்கும் பட்டை காற்றில் அதிர்வதால் எழும் ஒலி அது. கட்டும்போது பட்டையை ஓரிரு முறை முறுக்கிவிட்டால் அடங்கிவிடும். பட்டை நைலானாக இல்லாமல் பாலியெஸ்டராக இருப்பது நல்லது, ஏனென்றால் நைலான் நனைந்தால் நீளும், நீண்டால் தளரும். எதுவானாலும் கிளம்பிய சிறிது நேரத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்கத்தைச் சரிபாருங்கள். ரேட்செட் (நெம்பி நெம்பிப் பட்டையை இறுக்கும் பல்சக்கரப் பூட்டு) போட்டு மட்டுமீறி இறுக்குபவர்கள் பையின் மூட்டைத் தாங்களே பிரிக்கிறார்கள்.

கேள்வி: ஓட்டை ஒழுகல் எதுவும் இல்லை, மழையும் பெய்யவில்லை. இருந்தும் இரண்டாம் நாள் திறந்தபோது துணிகள் ஈரமாக இருந்தன. ஏன்?

பதில்: நீர் வெளியிலிருந்து வரவில்லை, நீங்களே உள்ளே வைத்து மூடியிருக்கிறீர்கள். சரியாகக் காயாத கூடாரமோ துண்டோ பகல் வெயிலில் ஆவியை விட, வெளியேற வழியில்லாத அந்த ஆவி இரவுக் குளிரில் பையின் உட்சுவரில் நீராகப் படிந்திருக்கும். நீர் புகாத பை, நீரை வெளியேயும் விடாது. ஈரப் பொருளைத் தனி உறையில் கட்டி வையுங்கள். தங்கும் இடத்தில் பையைத் திறந்து காற்றாட விடுங்கள்.

கேள்வி: சாதாரணப் பைகளை அடுக்கித் தார்ப்பாயால் மூடினால் போதாதா?

பதில்: மெதுவாக, குறைந்த தூரம் போவதற்குப் போதும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் விசை நான்கு மடங்காகும்; அப்போது தார்ப்பாய் பாய்மரம்போல் உப்பிக் கிழிந்துவிடும்.